எட்டாவது குளத்துக்கு ஒரு நிலைப்பாடு

காட்டின் நடுவே ஏழு குளங்கள் இருந்தன. வாய்க்கால்கள் அவற்றை ஒன்றோடொன்று இணைத்திருந்தன. ஏழு குளத்துப் பிராணிகளும் ஒரே கூட்டமைப்பாக வாழ்ந்தன. பெரியவர்களுக்குப் பெரிய அவை. இளசுகளுக்கு இளையோர் அவை.

பெரிய அவை முடிவு எடுக்கும். இளையோர் அவைக்கு அந்த உரிமை கிடையாது. அது நிலைப்பாடு எடுக்கும்.

இளையோர் அவைக்கு எல்லாவற்றிலும் ஒரு நிலைப்பாடு உண்டு. இரண்டு மழைக்காலம் பார்த்த எல்லோருக்கும் ஓட்டு வேண்டும் என்று ஒன்று. பக்கத்துக் காட்டு ஓநாய்கள் சண்டையை உடனே நிறுத்த வேண்டும் என்று ஒன்று. இப்படி ஓர் அவை இருப்பதே ஓநாய்களுக்குத் தெரியாது என்பது வேறு விஷயம். கோடையில் வெயில் குறைய வேண்டும் என்றும் ஒன்று இருந்தது. அது ஏகமனதாக நிறைவேறியது. வெயிலுக்குத்தான் யாரும் சொல்லி அனுப்பவில்லை.

நிலைப்பாட்டை எழுதுவது செயலாளர் நத்தையின் வேலை. சுருளன் என்று பெயர். தாமரை இலைமேல் ஊர்ந்து ஊர்ந்து பளபளவென்று எழுதுவான். ஒரு நாளைக்கு ஒரு வரிதான். நடுவில் யாராவது திருத்தம் கொண்டுவந்தால் புது இலை எடுத்து முதல் வரியிலிருந்து ஆரம்பிப்பான்.

அவைக்கு ஒரு கட்டுப்பாடும் இருந்தது. நிலைப்பாடு இல்லாத விஷயத்தில் உறுப்பினர் யாரும் தன்னிச்சையாக எதுவும் செய்யக்கூடாது. "ஆளுக்கொன்று செய்தால் கட்டுக்கோப்பு என்ன ஆவது?" என்று கேட்பார் தலைவர் கோரைப்பல்லன். அவர் ஒரு வாலிபக் காட்டுப்பன்றி. நல்லவர்தான். அதுதான் வருத்தம்.

இந்தக் கட்டுப்பாட்டை உயிராக மதித்தவள் செம்மூக்கி என்ற இளம் நீர்க்கோழி. அவள் பிறந்தது ஏழு குளங்களில் எதிலும் இல்லை. பள்ளத்தில் இருந்த எட்டாவது குளத்தில், கோரைப் புல்லுக்குள் முட்டையை உடைத்துக்கொண்டு வந்தவள். அந்தக் குளம் கூட்டமைப்பில் சேர்ந்ததில்லை; ஏழு குளத்திலிருந்து ஒரு வாய்க்கால் மட்டும் அதற்குத் தண்ணீர் கொண்டுபோகும். பிறகு ஒரு வறட்சி வந்தது. "எங்கள் தண்ணீர் எங்களுக்கே பற்றவில்லை" என்று பெரிய அவை அந்த வாய்க்காலின் குறுக்கே ஒரு மண்கரை எழுப்பிவிட்டது. கால் இருந்தவையும் இறக்கை இருந்தவையும் கரையைத் தாண்டி இந்தப் பக்கம் வந்துவிட்டன. மீன்கள் எங்கே போகும்?

இந்தக் கோடையில் எட்டாவது குளம் வற்ற ஆரம்பித்தது. அங்கே வெள்ளாயி என்ற கெண்டை மீன் இருந்தாள். செம்மூக்கி குஞ்சாக இருந்தபோது முதன்முதலாகத் தண்ணீரில் இறங்கிய அன்று, பயப்படாதே என்று பக்கத்திலேயே நீந்தி வந்தவள் அவள்தான். இப்போது அவளுக்கு முப்பது குஞ்சுகள்.

செம்மூக்கி பார்க்கப் போனாள். தண்ணீர் அவள் முழங்காலுக்குத்தான் இருந்தது.

"வா புள்ள. குளம் இருக்கிற இருப்பைப் பாத்தியா?" என்றாள் வெள்ளாயி.

"பார்த்தேன் அக்கா. நான் சும்மா இருக்கமாட்டேன். அவையில் பேசப்போகிறேன்."

"பேசுனா தண்ணி வருமா?"

"முதலில் நிலைப்பாடு வரும். அதற்குப் பிறகு எல்லாம் வரும்."

வெள்ளாயி சற்று யோசித்தாள். "அந்தக் கரையில ஒரு இடத்துல மண்ணு எப்பவும் ஈரமாவே கிடக்கு. உள்ளுக்குள்ள இளகிப் போயிருக்கும்னு நினைக்கிறேன். உங்க பன்னித் தலைவரு மூஞ்சிய வச்சு ஒரு தள்ளு தள்ளுனாப் போதுமே?"

செம்மூக்கி அப்படியே திகைத்துப்போனாள். அக்காவுக்கு அரசியல் தெரியவில்லை, பாவம் என்று நினைத்துக்கொண்டாள். "அப்படியெல்லாம் செய்யக்கூடாது அக்கா. முறை என்று ஒன்று இருக்கிறது."

மறுநாள் அவை கூடியது. செம்மூக்கி எழுந்து ஒரே ஒரு வரி சொன்னாள். "எட்டாவது குளத்துக்குத் தண்ணீர் விட வேண்டும்."

கோரைப்பல்லனின் கண் கலங்கிவிட்டது. நடிப்பில்லை, நிஜமாகவே கலங்கியது. "தோழர்களே, இதைவிட நியாயமான கோரிக்கை இந்த அவைக்கு வந்ததில்லை" என்றார். எல்லோரும் கரகோஷம் செய்தார்கள். சுருளன் இலைமேல் ஏறினான். ஒரு வரிதானே? சாயங்காலத்துக்குள் எழுதி முடித்திருப்பான்.

அப்போது மூன்றாம் குளத்துத் தவளை குண்டலன் தொண்டையைச் செருமினான். அவன் செருமினால் அரை நாள் போயிற்று என்று அர்த்தம்.

"தோழர் செம்மூக்கி சொல்வதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன்" என்றான். "ஆனால் எட்டாவது குளத்துக்கு மட்டும் என்றால் அது சுயநலம் ஆகாதா? உலகத்தில் எத்தனை குளங்கள் வற்றுகின்றன? எல்லாக் குளங்களுக்கும் சேர்த்துக் கேட்போம்."

"எல்லாக் குளங்களுக்கும் என்றால் ஆறுகள்?" என்றது ஐந்தாம் குளத்து நண்டு.

"ஆறுகளும்தான்."

"தண்ணீர் யாருக்குச் சொந்தம் என்பதை முதலில் சொல்லாமல், விடு என்று எப்படிச் சொல்ல முடியும்?" என்று கேட்டது இன்னொரு குளத்தின் குரல்.

ஆக, ஒரு வரி ஏழு வரியானது. எல்லா உயிருக்கும் எல்லா நீரிலும் பிறப்புரிமை உண்டு என்று தொடங்கியது. கரைகளற்ற உலகமே நமது கனவு என்று முடிந்தது. நடுவே எங்கோ இருந்த எட்டாவது குளம் மூன்றாவது திருத்தத்தில் காணாமல் போயிற்று.

செம்மூக்கிக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவளுக்குப் பெருமையாக இருந்தது. தான் கொண்டுவந்த சின்னக் கோரிக்கை இப்படி வானத்தளவு வளர்ந்துவிட்டதே என்று நெஞ்சு விம்மியது. போதாததற்கு அவளையே நிலைப்பாட்டுப் பொறுப்பாளர் ஆக்கிவிட்டார்கள். இறகைக் கோதிக்கொண்டே வீட்டுக்குப் போனாள்.

தினமும் மத்தியானம் எட்டாவது குளத்துக்குப் போவாள். தண்ணீர் கணுக்காலுக்கு இறங்கியிருந்தது. முப்பது குஞ்சுகளில் பத்தொன்பதுதான் மீதி. கொக்குகளுக்கு இப்போது தேடும் வேலையே இல்லை.

"என்னம்மா, எந்த மட்டுல இருக்கு?" என்பாள் வெள்ளாயி.

"மூன்றாவது வரி அக்கா. ரொம்ப நன்றாக வந்திருக்கிறது."

"சீக்கிரம் எழுதச் சொல்லேன்."

"அவசரப்பட்டால் வலுவில்லாமல் போய்விடும் அக்கா. கொஞ்சம் பொறுத்துக்கொள்."

அதைச் சொன்னபோது அவள் மனத்தில் கள்ளம் எதுவும் இல்லை. அதை நினைத்தால்தான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

ஐந்தாவது வரி எழுதிக்கொண்டிருந்த அன்று கோரைப்பல்லன், "பொறுப்பாளர் தோழரே, களத்தை ஒருமுறை நேரில் பார்த்துவிடுவோம்" என்றார். இருவரும் கரைக்குப் போனார்கள். கரைக்கு இந்தப் பக்கம் வாய்க்கால் நிறையத் தண்ணீர். அந்தப் பக்கம் காய்ந்த பள்ளம். கோரைப்பல்லன் கரையை மோந்து பார்த்தார். மண் எப்படி இருக்கிறது என்று அறிய மூஞ்சியைச் சும்மா வைத்தார்.

கரை பொதபொதவென்று உள்வாங்கியது. ஒரு விரல் அகலத்துக்குத் தண்ணீர் பீறிட்டு அந்தப் பக்கம் ஓடியது.

பள்ளத்தில் அந்தச் சத்தம் வெள்ளாயிக்குக் கேட்டது. "தண்ணி வருது! ஏ புள்ளைகளா, தண்ணி வருது!" என்று அவள் கத்தியது கரைவரை வந்தது. ஈரம் படப்படக் காய்ந்த மண் உறிஞ்சிக்கொண்டது. அதையும் மீறி ஒரு கோடு பள்ளத்தை நோக்கி இறங்கியது.

கோரைப்பல்லன் பதறிப் பின்வாங்கினார். "ஐயோ, நிலைப்பாடு இன்னும் இரண்டு வரி பாக்கி இருக்கிறதே. இதற்குள் இப்படி ஆனால் பெரியவர்கள் என்ன சொல்வார்கள்? விளையாட்டுப் பிள்ளைகள், கரையை உடைத்துவிட்டுக் கொள்கை பேசுகிறார்கள் என்பார்கள். இவ்வளவு நாள் பட்ட பாடெல்லாம் வீணாகிவிடும்."

அவர் முன்னங்காலால் மண்ணைச் சரித்து ஓட்டையில் போட்டார். தண்ணீர் அப்போதும் கசிந்தது. "தோழரே, நீங்களும் ஒரு கை கொடுங்கள்" என்றார்.

செம்மூக்கி ஒரு கணம் தயங்கினாள். இந்தக் கதையில் அவளுக்கு வாய்த்த கணம் அது ஒன்றுதான். பள்ளத்தில் வெள்ளாயியின் சத்தம் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. இரண்டே நாள்தானே என்று நினைத்தாள். அதற்குப் பிறகு ஒரு விரல் என்ன, வாய்க்காலே வருமே என்று நினைத்தாள். இறங்கிப் போய்த் தன் நீண்ட விரல்களால் அந்த ஈர மண்ணை மிதித்து மிதித்து அடைத்தாள்.

கசிவு நின்றது. வெள்ளாயியின் சத்தமும் நின்றது.

இரண்டு நாள் கழித்து நிலைப்பாடு வாக்கெடுப்புக்கு வந்தது. ஏழு குளமும் ஆதரவு. எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை. தவளைகள் பாடின. குண்டலன் செம்மூக்கியைக் கட்டிக்கொண்டு அழுதான். "பேரப்பிள்ளைகள் இந்த நாளைப் பற்றிப் பேசுவார்கள் தோழரே" என்றான். ஏழு வரி மின்னிய தாமரை இலையைத் தலைவர் அவள் அலகில் கொடுத்தார்.

அவள் இலையைக் கவ்விக்கொண்டு ஓடினாள். வழியெல்லாம் சிரித்துக்கொண்டே ஓடினாள்.

எட்டாவது குளத்தில் தண்ணீர் இல்லை. நடுவில் முறத்தளவு சேறு மட்டும் கிடந்தது. சேற்றில் வெள்ளாயி ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தாள். குஞ்சுகள் ஒன்றும் இல்லை. அவள் செவுள் மெதுவாகத் திறந்து மூடியது.

"அக்கா, நிறைவேறிவிட்டது. ஏகமனதாக" என்றாள் செம்மூக்கி, இலையைச் சேற்றின் ஓரத்தில் வைத்துவிட்டு.

வெள்ளாயி கண்ணைத் திருப்பி அவள் கொண்டுவந்த இலையைப் பார்த்தாள். "எம்மாம் பெரிய இலை" என்றாள். "இதுல ரெண்டு வாய்த் தண்ணி மொண்டுக்கிட்டு வந்திருக்கலாமே, கண்ணு."

கோபமாகச் சொல்லவில்லை. யோசனை சொல்வதுபோலத்தான் சொன்னாள். அதற்குப் பிறகு செவுள் திறக்கவில்லை.

செம்மூக்கி இலையை அங்கேயே விட்டாள். கரைக்கு ஓடினாள். தான் மிதித்து அடைத்த இடத்தைத் தன் அலகாலேயே குத்தினாள். பன்றி தேவைப்படவில்லை. கூட்டம் தேவைப்படவில்லை. நூறு குத்து குத்தியிருப்பாள், கரை தானாகவே சரிந்தது. தண்ணீர் அவளையும் உருட்டிக்கொண்டு பள்ளத்துக்குப் பாய்ந்தது. சாயங்காலத்துக்குள் எட்டாவது குளம் நிறைந்து தளும்பியது. அதில் நீந்த யாரும் இல்லை.

செய்தி கேட்டு இளையோர் அவை திரண்டு வந்தது. நிறைந்த குளத்தைப் பார்த்துக் கோரைப்பல்லன் பூரித்துப்போனார். "பார்த்தீர்களா தோழர்களே, நம் நிலைப்பாட்டின் வலிமையை! நிறைவேறிய அன்றே பலன்!" சுருளன் அதைக் குறித்துக்கொள்ளப் புது இலை தேடினான்.

பிறகுதான் மிதந்துவந்த வெள்ளாயியை அவர்கள் பார்த்தார்கள். எல்லோரும் தலை குனிந்தார்கள். "இரங்கல் தீர்மானம் ஒன்று போட வேண்டும்" என்றார் தலைவர்.

குண்டலன் தொண்டையைச் செருமினான். "ஒரு மீனுக்கு மட்டும் என்றால்..." என்று ஆரம்பித்தான்.

செம்மூக்கி அங்கே நிற்கவில்லை. நேராகப் பெரிய அவைக்கு நடந்தாள். தண்டனை எதுவானாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று போனாள். உண்மையைச் சொன்னால் தண்டனைக்காக ஏங்கிப் போனாள். அவைத் தலைவரான கிழ எருமை முதல் குளத்தில் கழுத்தளவு தண்ணீரில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது.

"ஐயா, கரையை நான்தான் உடைத்தேன்" என்றாள்.

எருமை மெல்லக் கண்ணைத் திறந்தது. "எந்தக் கரை?"

"எட்டாவது குளத்து வாய்க்காலில் நீங்கள் கட்டிய கரை."

எருமை வெகுநேரம் யோசித்தது. "ஓ, அதுவா? வறட்சியில அவசரத்துக்குப் போட்டது. அந்த வருசம் மழை பெஞ்சதுமே வேலை முடிஞ்சு போச்சு. அது இன்னுமா இருந்துச்சு?" ஒரு கொட்டாவி விட்டது. "எவனாவது எப்பவோ ஒடச்சிருப்பான்னுல்ல நாங்க நினைச்சோம்."

அதைச் சொல்லிவிட்டு அது மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டது. செம்மூக்கி வெகுநேரம் அங்கேயே நின்றாள். அவளைத் தண்டிக்க அந்தக் காட்டில் ஒருவரும் இல்லை.

கண்ணெதிரே ஓர் உயிர் துடிக்கும்போது, தன் கையால் ஆவதைச் செய்யாமல் சரியான கொள்கைக்காகக் காத்திருப்பவனுக்குக் கடைசியில் கொள்கை மட்டுமே மிஞ்சும்.