பருந்து பார்த்த பச்சை

ஒரு மலைக்காட்டில் ஓர் இருவாச்சிப் பறவையும் அதன் பேடையும் வசித்தன. முட்டையிடும் காலம் வந்ததும் பேடை மரப்பொந்துக்குள் புகுந்து, வாசலை மண்ணால் பூசி அடைத்துக்கொண்டது. அலகு நீட்ட மட்டும் ஒரு கீறல். சிறகிறகுகளை உதிர்த்துவிட்டு அது உள்ளேயே இருக்கும். ஆண் பறவை கொண்டுவரும் அத்திப்பழம்தான் அதற்கு உயிர்.

அந்த வருஷம் நரி மந்திரி, தெற்குச் சரிவின் அத்திமரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டுத் தைலமரங்களை நடவைத்திருந்தது. அவை சீக்கிரம் வளரும்.

காட்டை அளப்பது பருந்தின் வேலை. மேகத்தருகே பறந்து கீழே பார்க்கும். பச்சையாகத் தெரிவதெல்லாம் காடு என்பது நரி வகுத்த விதி. பருந்து இறங்கி வந்து, காடு பெருகியிருக்கிறது என்றது. புலிராஜாவுக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்து மலைகளிலிருந்தும் பாராட்டு வந்தது.

இருவாச்சி சபைக்குப் போய் வணங்கி நின்றது. "ராஜா, தெற்குச் சரிவில் ஒரு பழம்கூட இல்லை. ஒருமுறை வந்து நடந்து பாருங்கள்."

"காடு வளர்ந்துவிட்டது என்று அறிவித்தாயிற்று" என்றது நரி. "வீட்டுக்காரியைப் பட்டினி போட்டுவிட்டு, பழியை ராஜா மேல் போட வந்தாயாக்கும்!"

சபை சிரித்தது. புலி ஒன்றும் கேட்கவில்லை. வெளியே மான் மட்டும் அருகே வந்து, தன் புல்லும் போய்விட்டதாக மெல்லச் சொன்னது. அதைச் சபையில் சொல்லக்கூடாதா என்று இருவாச்சி கேட்டதற்கு, எல்லோரும் சந்தோஷமாக இருக்கும்போது எப்படிச் சொல்வது என்று நழுவிவிட்டது.

இருவாச்சி தைலமரங்களுக்கு மேல் தனியே பறந்தது. கீழே ஒரு குரல் இல்லை. தன் சிறகொலிதான் அதற்குக் கேட்டது. பழம் தேடும் தூரம் நாளுக்கு நாள் கூடியது. கடைசியில் மலை தாண்டி, ஆறு தாண்டி, ஒரே ஓர் அத்திப்பழத்தோடு திரும்பியது.

கீறலில் பழத்தை வைத்தது. உள்ளிருந்து அலகு நீளவில்லை.

"நான்தான் வந்திருக்கிறேன்" என்றது. சற்றுப் பொறுத்து மறுபடியும் சொன்னது.

பிறகு அது அந்த மலையில் இருக்கவில்லை. மானும் தன் கூட்டத்தோடு போய்விட்டது.

கோடையில் பசியெடுத்த புலி, வளர்ந்த காட்டில் இரை நிறைந்திருக்கும் என்று நம்பித் தெற்குச் சரிவுக்கு வந்தது. வரிசை வரிசையாக மரங்கள். ஒரு குளம்படிகூட இல்லை.

"யாராவது இருக்கிறீர்களா?" என்று கேட்டது.

பதில் சொல்ல யாரும் இல்லை.

இல்லாத காட்டை இருப்பதாகச் சொல்லிப் பெயர் வாங்கும் அரசு, அந்தப் பொய்யின் நடுவில் ஒரு நாள் தனியாக நிற்கும்.