ஆவுடையப்பன் வண்டிப் பொரி

ஆயுத பூசைக்குள் கொடுத்துவிட வேண்டுமென்று அவசரமாக சர்வீஸ் செய்து, பொரியும் சுண்டலுமாகப் பூசையும் போட்டு அனுப்பிய கார்களில் மூன்று, ஞாயிற்றுக்கிழமை மதியம் கோவில்பட்டி சங்கரபாண்டியின் ஷெட்டுக்கே திரும்பி வந்து நின்றன. சங்கரபாண்டி மூன்று கார்களையும் பார்த்தார். சொந்தக்காரர்கள் மூன்று பேரையும் பார்த்தார்.

"தப்பு எம்மேலதான். ஆனா கை ரெண்டுதான் இருக்கு. யாரு வண்டி ரொம்ப மோசம்னு நீங்களே பேசி முடிங்க. அதைத்தான் முதல்ல தொடுவேன்."

அந்த மூன்று பேரில் ஒருவர் ஆவுடையப்பன். அவருடைய வண்டியில் ஒரே ஒரு கோளாறுதான். வலது பக்கம் திருப்பினால் ஹாரன் அடித்தது. காலையில் ஓர் எழவு வீட்டு முனையில் திரும்பப்போய், அழுதுகொண்டிருந்தவர்களெல்லாம் அடிக்க வந்துவிட்டார்கள். மகனுக்குப் பெண் பார்க்க வீட்டில் எல்லோரும் வேனில் எட்டயபுரம் கிளம்பிப் போயாயிற்று. மாப்பிள்ளை வீட்டில் கார் இருக்கிறது என்று தரகர் சொல்லிவைத்திருந்ததால், இவர் காரில்தான் போய் இறங்கியாக வேண்டும். நாலரைக்கு ராகுகாலம். பெண் வீட்டுக்குப் போகிற வழியிலோ திரும்புகிற இடமெல்லாம் வலது பக்கம்.

கடலைமிட்டாய் வியாபாரி சீனிராஜ் முந்திக்கொண்டார். "எனக்கு பிரேக்கை மிதிச்சா வைப்பர் ஆடுது."

"ஆடிட்டுப் போகுது" என்றார் ஆவுடையப்பன். "எங்கதையக் கேளும். பூசைப் பொரியை இவரு ஏசிக்குள்ள வச்சு மூடிட்டாரு."

"நானா?" என்றார் சங்கரபாண்டி.

"பின்ன நானா? நேத்து சாத்தூர் ரோட்டுல ஏசியைப் போட்டேன். பொலபொலன்னு பொரி. நிறுத்தலாம்னா பட்டனையே காணோம், பொரிக்கு அடியில போயிருச்சு. முழங்கால் வரைக்கும் வந்து, இடுப்புக்கு வந்து, கழுத்துக்கு வந்துருச்சு. தின்னுக்கிட்டேதான் ஓட்டினேன். தின்னாத்தான ரோடு தெரியும்?"

"பூசையில வச்சது ஒரு படிப் பொரி" என்றார் சங்கரபாண்டி.

"எஞ்சின் சூட்டுல பொரி மறுபடி பொரிஞ்சிருச்சுவே. ஒண்ணொண்ணும் இட்லித் தண்டி."

எஸ்தர் டீச்சர் தன் வண்டி மேல் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். எட்டயபுரத்துக்காரர். இதுவரை வாயைத் திறக்கவில்லை. அதுவே ஆவுடையப்பனுக்குத் தெம்பாக இருந்தது.

"மூச்சு முட்டுதேன்னு கண்ணாடியை இறக்கினேன். காக்கா, கொக்கு, மயிலுன்னு ஒரு பறவை பாக்கியில்லாம வந்து கதவுல தொத்திக்கிருச்சு. வண்டி லேசாத் தூக்குது. டோல்கேட்டுல கம்பைத் தூக்கலையே, பிரேக்கைப் போடுவோமேன்னு மிதிக்கேன், நிக்கல. குனிஞ்சு பார்த்தா கம்பு எனக்குக் கீழ கிடக்கு."

"மேலே போறப்ப ஹாரன் அடிச்சீகளா?" என்றார் சீனிராஜ்.

ஆவுடையப்பன் அந்தப் பேச்சுக்கே போகவில்லை. "சிந்துன பொரியில சாத்தூரே வெள்ளையாப் போச்சு. பனி கொட்டுதுன்னு பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் லீவு விட்டுட்டாக."

"நேத்து சனிக்கிழமை. எப்படியும் லீவுதானே?" என்றார் சீனிராஜ்.

"லீவுக்கு மேல லீவு விட்டாகங்கேன்!"

சங்கரபாண்டி தலையைச் சொறிந்தார். "அண்ணாச்சி வண்டிதான் மோசம் போலிருக்கு. டீச்சர், உங்களுக்கு என்ன?"

"என் வண்டியில ஒரு குறையும் இல்லை, நேத்து வரைக்கும்" என்றார் டீச்சர். "சாத்தூர் ரோட்டுல அண்ணாச்சி வண்டிக்குப் பின்னாலதான் வந்துக்கிட்டிருந்தேன். மேலே இருந்து பொரியாக் கொட்டுது. சாமிக்குப் படைச்சதாச்சே, எவனும் மிதிச்சிறக் கூடாதேன்னு சாத்தூர் வரைக்கும் இறங்கி இறங்கி அள்ளினேன். டிக்கி நிறைஞ்சு பின்சீட்டும் நிறைஞ்சு போச்சு. ஒண்ணொண்ணும் இட்லித் தண்டியில்ல? பாரம் தாங்காம ஸ்பிரிங் படுத்துருச்சு. ஓட்டுனா அடியில கடகடங்குது."

சீனிராஜ் ஆவுடையப்பனின் முகத்தையே பார்த்தார். ஆமாம் என்றால் டீச்சர் வண்டிதான் மோசம். இல்லை என்றால் பொரியே இல்லை.

"டீச்சர் பொய் சொல்ல மாட்டாக" என்றார் ஆவுடையப்பன், மெல்லிய குரலில்.

சங்கரபாண்டி டீச்சரின் வண்டிக்கு அடியில் படுத்தார். சர்வீஸில் முடுக்காமல் விட்ட நட்டு ஒன்றை முடுக்கிவிட்டு எழுந்தார். கடகடப்பு நின்றது. பொரி அடைத்த ஏசிக்கு ஒரு நாள் ஆகும் என்று ஆவுடையப்பன் வண்டியைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, அடுத்து சீனிராஜ் வண்டியின் வயர்களைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அது இப்போதைக்கு முடிகிற வேலையாகத் தெரியவில்லை.

ஆவுடையப்பன் மணியைப் பார்த்தார். மூன்றரை. டீச்சர் சாவியைப் போட்டுவிட்டார்.

"டீச்சர்," என்று ஓடினார், "எட்டயபுரம்தானே போறீக? என்னையும் ஏத்திக்கிருங்க. மகன் காரியம். கார்ல போய் இறங்கலைன்னா மானம் போயிரும்."

"வாங்களேன். முன்சீட்டுல பரீட்சைப் பேப்பர் கட்டு இருக்கு. பின்னாலதான் உட்காரணும்." டீச்சர் திரும்பிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "ஆனா இடம் எங்க இருக்கு அண்ணாச்சி? பூரா உங்க பொரி."

பின்சீட்டு துடைத்துவிட்டாற்போல் காலியாக இருந்தது. சீனிராஜும் சங்கரபாண்டியும் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். ஆவுடையப்பன் அவர்களைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டு, கதவைத் திறந்து, உள்ளே குனிந்து, இரண்டு கைகளாலும் அள்ளி அள்ளி வெளியே போடத் தொடங்கினார்.

"அண்ணாச்சி, வாசல்ல கொட்டாதீக" என்றார் சங்கரபாண்டி. "இப்பத்தான் கூட்டினேன்."