கேப்டன் போதும் என்று சொல்லும்வரை

முழிச்சான்பட்டிக்காரர்கள் சொன்ன சொல் தட்டாதவர்கள். அவர்களிடம் உள்ள ஒரே சிக்கல் அதுதான். அந்த ஊரிலிருந்து கோமதிநாயகம், அருளப்பன், பிச்சைக்கனி என்ற மூவரை ஒரு கப்பல் கம்பெனி, அதிகாரியாக்குவதற்காகத் தன் செலவிலேயே படிக்க வைக்க எடுத்துக்கொண்டது. நேர்காணலில், "சொன்னதைச் செய்வீங்களா?" என்று கேட்டார்கள். "சொன்னதை மட்டும்தான் சார் செய்வோம்" என்றார்கள் மூவரும். கம்பெனிக்கு ஒரே சந்தோஷம்.

நிபந்தனை ஒன்றுதான். முதல் பயணம் முடிந்ததும், இவர்கள் தேறுவார்கள் என்று கேப்டன் சொல்ல வேண்டும். இல்லையென்றால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். மற்ற இருவருக்கும் போனால் வேலை போகும். கோமதிநாயகத்துக்குச் செண்பகமே போய்விடுவாள். "கப்பல் உன்ன வச்சுக்கிட்டா எம் மவ உனக்கு. திருப்பி அனுப்பிட்டா இந்தப் பக்கம் தலைய காட்டாத" என்று மாமா கறாராகச் சொல்லியிருந்தார்.

ஆகவே அவன் மிகவும் கவனமாக இருந்தான். தினமும் டெக்கைக் கழுவச் சொன்னார்கள். கொட்டுகிற மழையிலும் கழுவினான். அருளப்பன் குடை பிடித்தான். வலது பக்கம் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். பார்த்தான். இடது பக்கம் ஒரு மீன்பிடிப் படகு முட்டுகிற மாதிரி வந்து தப்பியது.

"ஏம்ப்பா சொல்லல?" என்று பதறினார் கேப்டன் ரத்தினசாமி.

"இடது பக்கம் பிச்சைக்கனிக்குள்ளது சார். அவன் சாப்பிடப் போயிருக்கான்."

கேப்டன் போய் ஒரு காபி குடித்தார்.

அப்புறம் வந்தது ஒத்திகை நாள். கடலில் ஆள் விழுந்தால் என்ன செய்வது என்று கேப்டன் விளக்கினார். "அலைக்கு நடுவுல ஒரு தலைய விட்டுட்டா திரும்பக் கண்டுபிடிக்க முடியாது. அதனால ஒருத்தன் விரலை நீட்டி ஆளையே காட்டிக்கிட்டு நிக்கணும். கண்ணை எடுக்கக் கூடாது. நான் போதும்னு சொல்ற வரைக்கும் கையை இறக்கக் கூடாது."

வைக்கோல் பொம்மை ஒன்றைக் கடலில் எறிந்தார்கள். கோமதிநாயகம் விரலை நீட்டினான். பொம்மையை மீட்டு, துடைத்து, சாமான் அறையில் போட்டுப் பூட்டினார்கள். கேப்டன் சாப்பிடப் போனார். பூட்டிய கதவுக்கு எதிரே கோமதிநாயகம் விரலை நீட்டிக்கொண்டு நின்றான். அருளப்பன் சோறு ஊட்டினான்.

"கேப்டன்கிட்ட போய்க் கேட்டா என்னல?" என்றான் பிச்சைக்கனி.

"அவரு சொல்லுதேன்னுதான் சொன்னாரு. நம்மளக் கேக்கச் சொல்லலல்லா" என்றான் அருளப்பன். அது நியாயமாகவே பட்டது.

சாயங்காலம் அந்தப் பக்கம் வந்த கேப்டன் விஷயத்தைக் கேட்டு, "போதும்!" என்று போட்ட சத்தத்தில் சமையல்காரர் கரண்டியைத் தவறவிட்டார். "இன்னும் ஒரு கிறுக்குத்தனம் பண்ணினா ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்!" கோமதிநாயகத்துக்கு அன்றைக்குத் தூக்கமே இல்லை. செண்பகம் கண்ணை விட்டு அகலவில்லை.

பயணம் முடிந்து கப்பல் தூத்துக்குடிக்கு வெளியே நங்கூரம் போட்டது. படகில் கரைக்குப் போக ஏணியில் இறங்கிய கேப்டன், கால் வழுக்கிக் கடலுக்குள் விழுந்தார். அலை அவரை இழுத்துக்கொண்டு போனது. மூவரும் ஓடி வந்து விரலை நீட்டினார்கள்.

"மிதவையைத் தூக்கிப் போடுங்கடா!" என்று தண்ணீருக்குள்ளிருந்து அலறினார் கேப்டன்.

"வலது கைய இறக்கக் கூடாதே" என்றான் அருளப்பன்.

"இடது கை சும்மாதான இருக்கு?" என்றான் கோமதிநாயகம்.

பிச்சைக்கனி திடுக்கிட்டான். "பெரிய மனுசருக்கு இடது கையால குடுக்கதா? மரியாத வேண்டாமாலே?"

மூவரும் ஆழ்ந்து யோசித்தார்கள். படகுக்காரருக்கோ அலைக்குள் ஆள் தெரியவில்லை. மேலே பார்த்தார். மூன்று விரல்களும் ஒரே இடத்தைக் காட்டின. அங்கே படகை விட்டு, கேப்டனின் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கினார்.

உப்புத் தண்ணீர் குடித்ததில் கேப்டனுக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சுற்றி மூன்று விரல்கள். அவர் ஒரு தாளில் 'போதும்' என்று எழுதிக் காட்டினார்.

"சொல்ற வரைக்கும்னுதான சார் சொன்னீங்க" என்றான் கோமதிநாயகம். "எழுதுறதப் பத்திப் பேச்சே வரலியே."

தொண்டை திறப்பதற்குள் கம்பெனி மேலாளர் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனார். மூன்றாம் தடவை வந்தபோது, "இவனுங்க தேறுவானுங்க. இந்த விரல் இல்லன்னா நான் இல்ல" என்று கரகரத்தார் கேப்டன். பிறகு, "போதும்டா!" என்றார். கைகள் இறங்கின. கோமதிநாயகம் அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதான். அத்தனை சந்தோஷம்.

மாமா வாக்குத் தவறவில்லை. கல்யாணத்தில் முதல் வரிசையில் கேப்டன். வெட்கத்தில் தரையையே பார்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளையைப் பார்த்து, "டேய், பொண்ணைப் பாருடா!" என்று கிண்டலடித்தார். கோமதிநாயகம் நிமிர்ந்து பார்த்தான். கேப்டன் வயிறாரச் சாப்பிட்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். போதும் என்று சொல்லவில்லை.

கப்பல் மறுபடி கிளம்பும் நாள் வந்தது. வழியனுப்பத் துறைமுகத்துக்கு வந்திருந்த செண்பகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல், கோமதிநாயகம் பின்பக்கமாகவே நடந்து படியேறினான். பாதியில் கால் தவறித் தண்ணீருக்குள் விழுந்தான். விழுந்தவன் செண்பகத்தையே பார்த்துக்கொண்டு மிதந்தான். மேலே அருளப்பனும் பிச்சைக்கனியும் விரலை நீட்டினார்கள்.

ஓடி வந்த கேப்டன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். பிறகு நன்றாக யோசித்து, மூடிக்கொண்டு, தானே தண்ணீரில் குதித்தார்.

அருளப்பன் கேப்டன் பக்கம் இடது கை விரலையும் நீட்டினான்.