மரத்த கையும் பரிவட்டமும்

மருதங்குறிச்சியில் தேரோட்டம் என்றால் ஆட்டுக்குட்டிக்குக்கூட இருப்புக்கொள்ளாது. ஊரே குதூகலமாக இருந்த அந்தக் காலையில் பலவேசம் மட்டும் இடது தோளைப் பிடித்துக்கொண்டு முனகினான். தெற்கு வீதித் திருப்பத்தில் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போட்டுத் தேரை நிறுத்துகிறவனுக்குத்தான் கோயில் மரியாதையாகத் தலையில் கட்டும் பரிவட்டம். தாத்தா காலத்திலிருந்து அது அவன் வீட்டைத் தாண்டிப் போனதில்லை. இந்த வருஷம் தோள் காலை வாரிவிடுமோ என்று அவனுக்குப் பயம்.

வைத்தியம் பார்க்கும் இசக்கியம்மாளிடம் ஓடினான். நாவிக்கிழங்கு சேர்த்துக் காய்ச்சிய எண்ணெயை அவள் சின்னக் குப்பியில் கொடுத்தாள். வலிக்குக் கைகண்ட மருந்து. ஆனால் கிழங்கு நஞ்சு.

“புண்ணுல படக்கூடாது, வாயில படவே கூடாது. கொஞ்சூண்டு போதும். தடவுன கைய உடனே தேய்ச்சுக் கழுவிரு. எங்கயாவது மரத்துப்போச்சுன்னா சக்கரத்துப் பக்கமே போகப்பிடாது. சத்தியம் பண்ணு.”

“சத்தியம் மயினி,” என்றான். அவசரக்காரன் எதற்குத்தான் சத்தியம் செய்யமாட்டான்?

வீட்டுக்கு வந்ததும் பாதிக் குப்பியைத் தோளில் கொட்டி, வலது கையால் அழுத்தித் தேய்த்தான். வலி போன இடம் தெரியவில்லை. சந்தோஷத்தில் இன்னும் தேய்த்தான். மேளம் கேட்டதும் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு ஓடினான்.

தேர் ஆடி ஆடி வந்தது. கட்டை போடுகிறவனுக்கு உள்ளங்கைதான் கண். சக்கரம் கட்டையில் ஏறும் அதிர்வு தெரிந்ததும் கையை எடுக்க வேண்டும். முந்தினால் கட்டை நழுவித் தேர் வீட்டுக்குள் போய்விடும். பிந்தினால் விரல் போய்விடும். பலவேசம் கட்டையைத் தூக்கினான். தோள் சொன்னபடி கேட்டது. ஆனால் வலது கையில் சிராய் ஏறி ரத்தம் வழிந்ததை அவன் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டான். திருப்பத்து வாசலெல்லாம் பிள்ளைகள். அவன் திரும்பிப் பார்த்தான்.

பக்கத்தில் ஆண்டியப்பன் நின்றான். அந்தப் பரிவட்டத்துக்கு வருஷக்கணக்காக ஏங்கி, அதனாலேயே பலவேசத்தோடு பேச்சை விட்டவன்.

“பிடியும் வே. எனக்குக் கை தெரியல,” என்று பலவேசம் கட்டையை நீட்டினான்.

ஆண்டியப்பன் கட்டையை வாங்கிச் சக்கரத்தடியில் கொடுத்தான். தேர் கிறீச்சிட்டு நின்றது. குலவைச் சத்தத்தில் வீதி அதிர்ந்தது. இசக்கியம்மாள் பலவேசத்தை இழுத்துப்போய்க் குழாயடியில் கையைத் தேய்த்துக் கழுவினாள், திட்டிக்கொண்டே.

பரிவட்டம் வந்தபோதுதான் வம்பு பிறந்தது. “போட்டது நாந்தாம்லா,” என்றான் ஆண்டியப்பன். “பலவேசம் வாயத் தொறக்காம இருந்தா யாருக்குத் தெரியும்? அவன் விட்டுக்கொடுத்துல்லா ஊரு பிழைச்சுது,” என்றார்கள் பலவேசத்தின் பங்காளிகள். “அவனுக்குப் புத்தி சொன்னது யாரு?” என்று பெண்கள் இசக்கியம்மாளை முன்னே தள்ளினார்கள். பலவேசம் பரிவட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்கு அது வேண்டும், மறைப்பானேன்?

கேட்டீர்களே, நீங்கள் தர்மகர்த்தாவாக இருந்தால் அதை யாருக்குக் கட்டுவீர்கள்?

விடை: ஆண்டியப்பனுக்கு. இசக்கியம்மாள் மருந்தையும் எச்சரிக்கையையும் சேர்த்தே கொடுத்தாள். அது வைத்தியருடைய கடமை. பலவேசம் விட்டுக்கொடுத்தது பெரிய மனசுதான். ஆனால் சத்தியத்தை மறந்து, கழுவாத கையோடு வந்தவனும் அவனே. அவனுக்குக் கட்டினால், அடுத்த வருஷம் மரத்த கையோடு வருகிறவனுக்கு அது தைரியம் கொடுத்துவிடும். இதைப் பலவேசமும் ஒப்புக்கொண்டான். பரிவட்டத்தை வாங்கி அவனே ஆண்டியப்பன் தலையில் கட்டினான். முடிச்சு இறுகியதா என்று அவன் விரலுக்குத் தெரியவில்லை. ஆண்டியப்பன்தான் அந்தக் கையைப் பிடித்து முடிச்சை இறுக்கிக்கொண்டான்.