டிரைவர் போட்டால்தான் ஓடும்

காங்கேயத்துக்கு மேற்கே ஆறு கிலோமீட்டரில் செம்மாண்டவலசு என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே மழை குறைவு, தேங்காய் ஏராளம். அறிவு மட்டும் மொத்தமாகச் சென்னியப்பன் என்ற ஒரே ஆளிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. இதை ஊரில் வேறு யாரும் சொன்னதில்லை. சென்னியப்பன் தானாகவே கண்டுபிடித்தது.

சென்னியப்பனுக்கு வயது இருபத்தெட்டு. தொழில், கம்ப்யூட்டரில் துப்பாக்கிச் சண்டை கேம் ஆடுவது. அவன் அப்பா ரத்தினசாமி கொப்பரை வியாபாரி. தேங்காயை உடைத்துக் காயவைத்து, மூட்டை கட்டி, லாரியில் எண்ணெய் மில்லுக்கு அனுப்புகிறவர். அவருடைய களத்து ஓரத்தில் ஓர் அறை. அதில் ஒரு கம்ப்யூட்டர், மூன்று நாற்காலிகள், சென்னியப்பன். அப்புறம், அவனைக் கேட்காமல் கொட்டாவிகூட விடாத கிட்டான், பிரியன் என்று இரண்டு பேர். இந்த மூவருக்கும் சேர்த்து மின்னல் அணி என்று பெயர்.

காங்கேயத்துக் கல்யாண மண்டபம் ஒன்றில் வருஷா வருஷம் கேம் போட்டி நடக்கும். மின்னல் அணி மூன்று முறை கலந்துகொண்டு, மூன்று முறையும் கடைசி இடத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் காப்பாற்றியது. முதல் வருஷம், "எல்லாரும் ஹெட்போனை மாட்டுங்க" என்று மைக்கில் சொன்னார்கள். மூவரும் ஆணி தேடிப் போனார்கள். நல்ல ஆணியாகப் பார்த்து மாட்டிவிட்டுத் திரும்பும்போது போட்டி முடிந்திருந்தது. இரண்டாம் வருஷம், "உள்ள போனா யாரையும் நம்பாதீங்க" என்று யாரோ புத்தி சொல்ல, இவர்கள் ஒருவரையொருவர் சுட்டுத் தள்ளிவிட்டு எழுந்து வந்தார்கள். மூன்றாம் வருஷம் இவர்கள் எதுவும் செய்வதற்கு முன்பே கம்ப்யூட்டர் திணறி நின்றுவிட்டது. கிராஃபிக்ஸ் கார்டு பழசு, படத்தைத் திரையில் கொண்டுவர அதற்குத் தெம்பில்லை என்றார்கள்.

நான்காம் வருஷம் ரத்தினசாமி மகனைக் கூப்பிட்டார்.

"சாமி, ஞாயித்துக்கெழம போட்டில ஜெயிச்சீன்னா அந்த ரூம்பு ஒன்னோடது. தோத்தீன்னா திங்கக்கெழம காலைல அதுல கொப்பர மூட்டைய அடுக்கிருவேன். மழைக்கு முன்னால எனக்கும் எடம் வேணுமல்லோ."

சென்னியப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. அந்த அறை இருக்கிறவரைக்கும்தான் அவன் மின்னல் அணியின் கேப்டன். அது போனால் வெறும் ரத்தினசாமி மகன். களத்தில் நின்று கொப்பரையைத் திருப்பிப் போடச் சொல்வார்கள். நினைத்தபோதே அவனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

மறுநாள் காலை கோயமுத்தூருக்குப் பஸ் ஏறினான். அங்கே அவனுடைய மாமன் மகன் தனசேகர் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறான். தனசேகர் நல்லவன். அதனால்தான் ஐம்பதாயிரம் ரூபாய் கிராஃபிக்ஸ் கார்டுகள் இரண்டை இவன் கையில் கொடுத்தான்.

"மாப்ள, பச்சப் பெட்டி வெல ஜாஸ்தி. ஆனா கேம்ல வெளிச்சம், நெழலெல்லாம் அம்சமா வரும். செவப்புப் பெட்டி வெல கம்மி, மெமரி ஜாஸ்தி. போடற காசுக்கு எது தேவலைன்னு பெஞ்ச்மார்க் பார்த்து முடிவு பண்ணு. வேண்டாதத எங்கிட்டத் திருப்பிக் குடுத்துரு. ஒண்ணு மட்டும் மறக்காத. எந்தக் கார்ட உள்ள போட்டாலும், அதுக்குன்னு இருக்கற டிரைவரப் போட்டாத்தான் ஓடும்."

கடைக்காரர் பாஷையில் டிரைவர் என்றால் கார்டை இயக்குகிற சாஃப்ட்வேர், பெஞ்ச்மார்க் என்றால் அதன் திறமையை அளக்கிற சோதனை. சென்னியப்பன் ஒரு வார்த்தை விடாமல் நோட்டில் எழுதிக்கொண்டான். சந்தேகம் எதுவும் கேட்கவில்லை. சந்தேகம் வருவதற்கும் கொஞ்சம் புரிந்திருக்க வேண்டும் அல்லவா.

அன்று மத்தியானமே களத்தில் ஆலோசனைக் கூட்டம் கூடியது.

"ஏனுங்ணா, பெஞ்ச்மார்க்குன்னா எந்த பெஞ்சுங்ணா?" என்றான் கிட்டான்.

"மார்க்கு வாங்கற பெஞ்சுதான்டா."

"அப்படின்னா மொத பெஞ்சுங்ளா? கடேசி பெஞ்சுல ஒக்காந்தவன் எவன் மார்க்கு வாங்கியிருக்கறானுங்?"

"நம்மகிட்ட இருக்கறதே ஒரு பெஞ்சுதான். அதே மொதலு, அதே கடேசி."

பிரியனுக்கு முகம் வாடிவிட்டது. "ரெண்டு கார்டையும் ஒரே பெஞ்சுல ஒக்கார வெச்சா, ஒண்ணப் பார்த்து ஒண்ணு காப்பி அடிச்சுருமுங்களேணா."

இப்படி யோசிக்கிற ஆளைத் தன் அணியில் வைத்திருப்பதில் சென்னியப்பனுக்குப் பெருமையாக இருந்தது. பெஞ்சின் இடது ஓரத்தில் பச்சைப் பெட்டிக் கார்டு, வலது ஓரத்தில் சிவப்புப் பெட்டிக் கார்டு, நடுவில் மறைப்புக்கு ஒரு கொப்பரை மூட்டை. பரீட்சை ஆரம்பமானது.

முதல் பாடம் நிழல். சிவப்பை உச்சி வெயிலில் வைத்து அளந்தார்கள். அரை சாண்கூடத் தேறவில்லை. பிறகு சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு எழுந்து, சாயங்காலம் ஐந்து மணிக்குப் பச்சையை வைத்து அளந்தார்கள். நிழல் ஒன்றரை முழம் நீண்டது. "தனசேகர் சொன்னது நெசந்தான்டா. வெலைக்குத் தகுந்த நெழலு" என்று சென்னியப்பன் வியந்து, பச்சைக்கு நூற்றுக்கு நூறு போட்டான்.

இரண்டாம் பாடம் மெமரி, அதாவது ஞாபகசக்தி. சிவப்பில் பதினாறு, பச்சையில் பன்னிரண்டு என்று பெட்டியிலேயே போட்டிருந்தது. மூவரும் குனிந்து, இரண்டு கார்டுகளிடமும் தனித்தனியாக ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவைத்தார்கள். விடிந்ததும் வந்து, "நேத்து நாங்க என்ன சொன்னோம்?" என்று கேட்டார்கள். இரண்டுமே வாய் திறக்கவில்லை.

"ரெண்டுக்கும் முட்ட மார்க்குப் போட்டுறலாமுங்ணா" என்றான் கிட்டான்.

"அவசரப்படாத. நாம என்ன சொன்னோம், அத மொதல்ல சொல்லு."

கிட்டான் பிரியனைப் பார்த்தான். பிரியன் சென்னியப்பனைப் பார்த்தான். சென்னியப்பன் வானத்தைப் பார்த்தான். கேள்வி கேட்டவர்களுக்கே விடை தெரியாதபோது, பதில் தப்பு என்று எப்படிச் சொல்வது? நியாயத்துக்குக் கட்டுப்பட்டு இரண்டுக்கும் முழு மார்க் போட்டார்கள்.

கடைசிப் பாடம், போடுகிற காசுக்கு எது தேவலை என்பது. இது கொப்பரை வியாபாரியின் மகனுக்குச் சொல்லித்தர வேண்டியதா? தராசில் வைத்தார்கள். சிவப்பு எடையும் அதிகம், விலையும் குறைவு. கிலோ ரேட்டுக்குப் பார்த்தால் பச்சை பக்கத்திலேயே வர முடியாது. "நெழல வெச்சு என்னடா பண்றது? காசுக்கு இதுதான் தாங்கும்" என்று கேப்டன் தீர்ப்புச் சொல்லிவிட்டான்.

விஷயம் தெரிந்தவர்களும் அன்றைக்குச் சிவப்பைத்தான் சொல்லியிருப்பார்கள். முடிவு சரியாக அமைந்துவிட்டதற்கு இவர்களைக் குற்றம் சொல்ல முடியாது.

கார்டை உள்ளே போட வேண்டும் என்று தனசேகர் சொல்லியிருந்தான். கம்ப்யூட்டர் பெட்டியின் கதவைத் திறந்து, பழைய கார்டைப் பிடுங்கி எறிந்து, புதியதை உள்ளே போட்டு, மூடிவிட்டார்கள். டொக்கென்று ஒரு சத்தம் வந்தது. அடுத்தது டிரைவர்.

ஊரில் கொளந்தசாமி என்றொரு பெரியவர் இருந்தார். நாற்பது வருஷம் லாரி ஓட்டி ஓய்ந்தவர். ரெண்டு வேளைச் சோறும் டீயும் என்று பேசி, அவரைக் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். அவர் திரையை ஒரு தரம் பார்த்துவிட்டு, "கண்ணாடில ஒண்ணுமே தெரியலியே, தொடைக்கற துணி இருக்குதா?" என்றார். துடைத்துப் பார்த்தார்கள். அப்போதும் இருட்டுதான். ஒரு நாள் முழுக்க அவர் இடம் மாறாமல் உட்கார்ந்திருந்தும் கேம் ஓடவில்லை.

சென்னியப்பன் தனசேகருக்குப் போன் போட்டான்.

"கார்ட உள்ள போட்டுட்டியா மாப்ள?"

"போட்டாச்சு மச்சான்."

"டிரைவரு?"

"அதையும் போட்டாச்சு. அப்படியும் ஓட மாட்டீங்குது."

"எந்த டிரைவர் போட்ட?"

"கொஞ்சம் பழசுதான்."

"அட, அதான் சங்கதி! பழசு இதுக்கு ஒத்து வராது. அத முழுசா எடுத்துட்டு, இருக்கறதுலயே லேட்டஸ்டாப் பார்த்துப் போடு. பழசோட மிச்சம் துளிகூட இருக்கக் கூடாது. இருந்தா ரெண்டும் மோதிக்கும்."

கொளந்தசாமியிடம் இதை எப்படிச் சொல்வது என்று மூவரும் கைகளைப் பிசைந்தார்கள். கடைசியில் சென்னியப்பனே சொன்னான். பெரியவர் கலங்கிப்போனார். "நாப்பது வருசத்துல ஒரு ஆக்சிடென்ட் கெடையாது சாமி. என்னைய எடுத்துட்டீங்களே" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். அவருடைய செருப்பு, வெற்றிலைப் பை, சீப்பு எல்லாம் கூடவே போயின. அவர் டீ குடித்த டம்ளரைக் கிட்டான் கிணற்றுமேட்டில் கொண்டுபோய் வைத்தான். அவர் உட்கார்ந்த நாற்காலியைப் பிரியன் மூன்று தடவை கழுவினான். மிச்சம் என்று துளியும் இல்லை.

இருப்பதிலேயே லேட்டஸ்ட் டிரைவர் பூவரசன். பக்கத்துத் தோட்டத்துப் பையன், போன வியாழக்கிழமைதான் லைசென்ஸ் வாங்கியிருந்தான். பெரியவரும் இவனும் வழியில் மோதிக்கொள்ளக் கூடாதென்று, வேலியைச் சுற்றிப் பின்பக்கமாகக் கூட்டிவந்தார்கள். பூவரசன் வந்து உட்கார்ந்ததும் திரையில் ஏதோ மின்னியதாகப் பிரியன் சத்தியம் செய்தான். சனிக்கிழமை போய்விட்டது. போட்டியன்று எப்படியும் ஓடிவிடும் என்று மூவரும் நிம்மதியாக இருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி. களத்துக்கு வந்த ரத்தினசாமி, அறையில் ஒரு வாலிபன் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார்.

"தம்பி, நீ யாரு?"

"டிரைவருங்க."

"அப்பறம் இங்க என்ன பண்ற? எந்திரி. டவுன் லோடு ஒண்ணு நிக்குது, மில்லுல எறக்கிட்டு வந்துரு."

கூப்பிட்டு வேலை கொடுக்கிற முதலாளியை யார் வேண்டாமென்பார்கள்? பூவரசன் லாரியில் ஏறிப் போய்விட்டான். குளித்துவிட்டு வந்த சென்னியப்பன் காலி நாற்காலியைப் பார்த்து நெஞ்சில் கை வைத்தான். வேறு வழியில்லை. கம்ப்யூட்டரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு, டிரைவர் இல்லாமலே மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

நடுவராகக் கோயமுத்தூரிலிருந்து ஹரிணி என்று ஒரு பெண் வந்திருந்தாள். எல்லா அணியின் திரையிலும் துப்பாக்கி வெடித்துக்கொண்டிருக்க, மின்னல் அணியின் திரை மட்டும் இருண்டு கிடப்பதைப் பார்த்து வந்தாள்.

"என்னாச்சு உங்களுக்கு?"

"டிரைவர் இல்லீங்க மேடம்" என்றான் சென்னியப்பன்.

"அட, டிரைவர் பிரச்சனையா? எல்லாருக்கும் வர்றதுதான். டவுன்லோடு போட்டிருக்கீங்களா?"

இவளுக்கு எப்படித் தெரிந்தது என்று சென்னியப்பன் அசந்துபோனான். "ஆமாங்க. காலைல எட்டு மணிக்கே எங்கப்பா போட்டுட்டாருங்க."

"எட்டு மணிக்கா? பெரிய லோடா?"

"ரொம்பப் பெருசுங்க."

"எவ்வளவு முடிஞ்சிருக்கு?"

சென்னியப்பன் பூவரசனுக்குப் போன் போட்டுக் கேட்டான். "முக்காவாசி எறங்கிருச்சாமுங்க."

"ஸ்பீடு என்ன வருது?"

"நாப்பதுங்க. புது டிரைவரு, அதுக்கு மேல பயப்படறானுங்க."

மண்டபத்துச் சத்தத்தில் கடைசி வாக்கியம் அவள் காதில் விழவில்லை. "நாப்பது நல்ல ஸ்பீடாச்சே! அரை மணி நேரம் தர்றேன். முழுசா இறங்கினதும் சொல்லுங்க" என்று போய்விட்டாள். உலகத்தில் நல்லவர்கள் இருக்கிறார்கள் என்று சென்னியப்பனுக்குக் கண் கலங்கியது. இனி அறை தன்னுடையதுதான் என்று நினைத்தான்.

இருபத்தைந்தாவது நிமிஷம் வாசலில் ஹாரன் கேட்டது. தலையெல்லாம் தேங்காய் நாரோடு பூவரசன் ஓடி வந்து, மூச்சு வாங்கக் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தான். "டிரைவர் வந்தாச்சுங்க மேடம்!" என்று மூவரும் ஒரே குரலில் கூவினார்கள்.

ஹரிணி வந்தாள். பூவரசனைப் பார்த்தாள். வாசலில் நின்ற லாரியைப் பார்த்தாள். பிறகு குனிந்து கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்தாள். சிவப்புப் பெட்டிக் கார்டு பிளாஸ்டிக் உறைகூடக் கழற்றாமல் அடியில் நிம்மதியாகப் படுத்திருந்தது.

"இதைச் சொருகவே இல்லையே!"

"சொருகச் சொல்லலீங்களே. உள்ள போடத்தானுங்க சொன்னாங்க."

நான்காம் முறையாகக் கடைசி இடம் மின்னல் அணிக்கே கிடைத்தது.

ரத்தினசாமி சொன்ன சொல் தவறாதவர். திங்கட்கிழமை விடிந்ததும் அறைக்குள் கூரை முட்டக் கொப்பரை மூட்டைகள். வெளியே வெயிலில் கம்ப்யூட்டர், அதன் பக்கத்தில் கிட்டானும் பிரியனும் எழவு வீட்டு முகத்தோடு குத்தவைத்திருந்தார்கள். சென்னியப்பனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எதிரே, மூட்டையெல்லாம் அறைக்குள் போய்விட்டதால் லாரி காலியாக நின்றது. ரத்தினசாமியிடம் நிரந்தர வேலையில் சேர்ந்துவிட்ட பூவரசன், சீட்டில் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தான்.

சென்னியப்பன் அதையே பார்த்தான். அப்புறம் எழுந்து நின்றான்.

"டேய், நாம பண்ணுன தப்பு என்ன தெரியுமா? கம்ப்யூட்டரு இருக்கற எடத்துக்கு டிரைவரக் கூட்டிட்டு வந்தோம். டிரைவரு இருக்கற எடத்துக்குல்ல கம்ப்யூட்டரக் கொண்டுபோயிருக்கோணும்!"

கிட்டான் கேப்டனின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். கம்ப்யூட்டரையும் நாற்காலிகளையும் லாரியின் பின்பக்கம் ஏற்றிக் கயிற்றால் இறுக்கிக் கட்டினார்கள். கார்டை நடுவர் சொன்னபடியே இந்த முறை ஒழுங்காகச் சொருகினார்கள், டிரைவர் தலைக்கு மேலே, ஆர்.சி. புத்தகத்துக்குப் பக்கத்தில். மூவரும் பின்னால் ஏறி, இருண்ட திரைக்கு முன்னால் ஹெட்போனோடு வரிசையாக உட்கார்ந்தார்கள். பூவரசன் சாவியைத் திருப்பினான்.

"ஓடுதுங்ணா!" என்று கிட்டான் கத்தினான். "நாப்பதுல ஓடுதுங்ணா!"

"பார்த்தியா, எவ்வளவு ஸ்மூத்தா ஓடுது" என்று சென்னியப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

காங்கேயம் ரோட்டு ஸ்பீடு பிரேக்கரில் லாரி ஏறி இறங்கியது. மூவரும் ஒரு முழம் எகிறி விழுந்தார்கள்.

"ஏனுங்ணா, லேசாத் தூக்கித் தூக்கிப் போடுதுங்களே?" என்றான் பிரியன்.

"அது கேமோட கோளாறுடா" என்றான் சென்னியப்பன். "கார்டு மேல ஒரு தப்பும் இல்ல."