மலையேறிய தீ

முன்னொரு காலத்தில், வேங்கைமலையின் அடிவாரத்தில் பரந்து கிடந்த செங்குவளை நாட்டைக் கொற்றவேலன் என்னும் அரசன் ஆண்டுவந்தான். அவனை மூடன் என்று சொல்ல மாட்டேன்; மூடனுக்காவது மன்னிப்பு உண்டு. இவன் எல்லாம் தெரிந்தும், தன் காதுக்கு இனிப்பதை மட்டுமே கேட்பவன்.

அவன் முடிசூடிய நாளில் காற்றடித்து ஒரு குத்துவிளக்கு நின்றுபோயிற்று. "ஐயோ, அணைந்தது!" என்று யாரோ கத்த, அரசன் நடுங்கிவிட்டான். அவைப் புலவர் திருமேனியார் அந்த நடுக்கத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"அமங்கலச் சொல், அரசே! வீடுகளில் விளக்கு 'மலையேறியது' என்றுதானே சொல்கிறோம்? அவையிலும் அப்படியே சொல்லட்டும். மீறுகிறவர் நாவில் சூடு வையுங்கள்" என்றார்.

இல்லங்களில் கனிவோடு வழங்கிவந்த ஒரு சொல், அன்று முதல் கொடுஞ்சட்டமாயிற்று. திருமேனியாருக்குச் 'சொற்காவலர்' என்ற பட்டமும், தரையில் புரளும் நீண்ட பூந்துகில் ஒன்றும் கிடைத்தன. நேர்மையாகப் பேசும் அமைச்சர் இளஞ்சாத்தனாரை மட்டம் தட்ட நல்ல ஆயுதம் கிடைத்ததென்று அவர் மகிழ்ந்தார்.

ஒரு கோடையில் மழையே இல்லாமல் இடி இடித்தது. வேங்கைமலையின் நடுச்சரிவில் நின்ற பட்டமரத்தில் மின்னல் விழுந்து காடு பற்றிக்கொண்டது. அதற்கு மேலே, மலையின் தோளில் இருந்தது மேட்டுக்குடி என்னும் சிற்றூர். அவ்வூர்ப் பெண் மாதி, கல்லும் முள்ளும் பாராமல் இறங்கி ஓடிவந்து அவையில் நின்றாள்.

"மகாராசா! மின்னல் விழுந்த தீ மலையேறிக்கிட்டே இருக்குது!"

அரசன் முகம் மலர்ந்தது. "மலையேறுகிறதா? நல்ல செய்தி! இவளுக்கு ஒரு முத்துமாலை கொடுங்கள்."

மாதி திகைத்தாள். "மாலையா? எங்க ஊரு எரியப்போகுது சாமி!"

"மலையேறிய தீ எப்படியம்மா எரிக்கும்?" என்று சிரித்தார் திருமேனியார். "பரிசை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டு."

"தண்ணி கொண்டுபோக முடியாத இடம் சாமி அது. ஊருக்குக் கீழே சருகையெல்லாம் வழிச்சுப் பாதை போட்டு வச்சிருக்கோம். அங்கேயிருந்து எதிர்த்தீ விட்டா, ஏறி வர்ற தீக்குத் தின்ன ஒண்ணும் இருக்காது. ஆனா உங்க வேட்டைக்காட்டுல தீ மூட்டினா கையை வெட்டுவீங்களே! எங்க அண்ணன் கை அப்படித்தான் போச்சு. அதான் உத்தரவு கேட்டு வந்தேன். சரின்னா கோட்டை முரசை அடிங்க. மேலே காதைத் தீட்டிக்கிட்டு நிக்கிறாங்க. அந்தத் தீயை அணைக்க வேற வழியே இல்லை!"

'அணைக்க' என்ற சொல் விழுந்ததும் அவையோர் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

"சொல்லிவிட்டாள்! சொல்லிவிட்டாள்!" என்று துள்ளி எழுந்தார் திருமேனியார். "சூடு வையுங்கள்!"

அரசன் கையைப் பிசைந்தான். "சட்டம் சட்டம்தானே..."

அமைச்சர் எழுந்தார். முகம் சினத்தால் கறுத்திருந்தது. குரலை மட்டும் அடக்கிக்கொண்டார். "சட்டப்படியே நடக்கட்டும், அரசே. கனல் சட்டி இங்கேயே வரட்டும். சொற்காவலர் பட்டத்துகிலைப் போர்த்திக்கொண்டு, தம் கையாலேயே சூடு வைக்கட்டும். பெருமை அவருடையதல்லவா?"

திருமேனியார் பூரித்துப்போனார். துகிலை விரித்துப் போர்த்துக்கொண்டு, சட்டியின்மேல் குனிந்து இரும்பைத் தேடினார். துகிலின் கீழ்முனை கனலில் பட்டுப் பற்றிக்கொண்டது.

"ஐயோ, தீ! தீ!"

"என்ன செய்ய வேண்டும், சொற்காவலரே?" என்றார் அமைச்சர். "அவைக்கு ஏற்ற சொல்லால் ஆணையிடுங்கள்."

"மலையேற்றுங்கள்! சீக்கிரம் மலையேற்றுங்கள்!"

"கேட்டீர்களல்லவா?" என்று அமைச்சர் காவலரைப் பார்த்தார். இரண்டு காவலர் அவரை அலாக்காகத் தூக்கிக்கொண்டு, அவையை ஒட்டிய தோட்டத்துச் செய்குன்றின்மேல் ஏறினார்கள். அவர்கள் ஏற ஏறத் தீயும் முழங்காலைத் தாண்டி இடுப்புக்கு ஏறியது.

"அடப் பாவிகளா! அணையுங்களடா! அணைத்துத் தொலையுங்களடா!"

எந்த அணைப்பு என்று விளங்காத ஒரு காவலன் அவரை ஆரத் தழுவிக்கொண்டான். பின்னாலேயே வந்த அமைச்சர், கனல் சட்டி வந்தபோதே நனைத்து வைத்திருந்த சாக்கை இருவர்மேலும் எறிந்தார். துகில் கரியாயிற்று, தோல் தப்பியது.

யாரும் சிரிக்கவில்லை. அமைச்சர் அரசனிடம் திரும்பினார்.

"கீழ்முனையில் பிடித்த தீ எவ்வளவு விரைவாக மேலே ஏறியது, பார்த்தீர்களா? மலையேறுவது என்று அந்தப் பெண் சொன்னது இதைத்தான். இப்போது சூடு வைக்க இரண்டு நாக்குகள் இருக்கின்றன, எதில் தொடங்கட்டும்? ஒரு விளக்குக்கு அஞ்சி ஒரு சொல்லைக் கொன்றீர்கள். உங்கள் வேட்டைக்காக ஒருவன் கையை வெட்டினீர்கள். இனி ஓர் ஊரே வெந்து சாக வேண்டுமா? வெட்கமாக இல்லையா?"

அரசன் அரியணையை விட்டு இறங்கி ஓடினான். கோட்டைமேல் ஏறி, முரசைத் தன் கையாலேயே அடித்தான். சற்று நேரத்தில் மலையிலிருந்து பறையொலி விடையாக வந்தது. பழைய புகைக்கு மேலே புதுப் புகையொன்று எழுந்தது.

அரசன் இறங்கிவந்து, "வேட்டைக்காட்டுச் சட்டமும் சொற்சட்டமும் இன்றோடு ஒழிந்தன" என்றான். பிறகு கண் சிவக்க, "திருமேனியாரை மலையேற்றுங்கள்!" என்றான்.

புலவர் தரையில் விழுந்தார். "அரசே! என் உயிரையா?"

"எந்தப் பொருளில், அரசே?" என்று கேட்டார் அமைச்சர்.

"கால்நடையாக. கையில் ஒரு தழைக்கொத்தோடு. கடைசிக் கங்கு சாகும்வரை அடித்துவிட்டு வரட்டும்."

சில நாள் கழித்து மாதி மறுபடி அவைக்கு வந்தாள். உடம்பெல்லாம் சாம்பல். வாங்காமல் விட்டுப்போன முத்துமாலையை அரசன் தானே ஏந்தி நின்றான்.

"சனம் பிழைச்சிருச்சு. தினைப்புனம் பாதி போச்சு. தீ அணைஞ்சிருச்சு, மகாராசா."

அரசன் கண்ணை மூடிக்கொண்டான். "அந்தச் சொல்லை இன்னொரு முறை சொல்லம்மா. காதுக்கு எவ்வளவு இதமாக இருக்கிறது!"

மாதி மாலையைத் தொடவில்லை.

"முதல்ல சொன்னப்பவே கேட்டிருந்தா, ஒரு முறையே போதும் மகாராசா. புனமும் மிஞ்சியிருக்கும்" என்று சொல்லிவிட்டு மலையேறினாள்.