தீபாவளிக் கட்டம்

இந்தக் கதையில் குருவுக்கு வயது இருபத்தொன்பது. தாடி கிடையாது, காவி கிடையாது. விருதுநகரில் ஒரு போட்டோ ஸ்டுடியோவுக்கு மேல்மாடியில் இரண்டு மேசை, ஆறு நாற்காலி, ஒரு வட்ட விளக்கு, அவ்வளவுதான் ஆசிரமம். பெயர் ஜெபமலர். யூடியூப் சேனல் ஆரம்பிக்கிறவர்களுக்கு வாரம் மூன்று நாள் வகுப்பு எடுத்தாள்.

சீடருக்கு வயது ஐம்பத்தைந்து. பெயர் தனுஷ்கோடி. ஒரு பள்ளிக்கூடத்து ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருந்து, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தவர். குரு எது சொன்னாலும் நோட்டில் எழுதி, அடியில் ஸ்கேல் வைத்துக் கோடு போடுகிற ரகம்.

தீபாவளி கழிந்து எட்டாம் நாள் காலையில் தனுஷ்கோடி மாடிப்படி ஏறி வந்தார். கையில் சுருட்டிய சார்ட் பேப்பர் இருந்தது. நான்கு நாள் தாடி. சட்டைப் பொத்தானை ஒன்று தள்ளிப் போட்டிருந்தார்.

"உக்காருங்க சார்."

அவர் உட்காரவில்லை. சார்ட்டை மேசையில் விரித்து, சுருண்டுகொள்ளாமல் இருக்க ஒரு முனையில் பேனா ஸ்டாண்டையும் மறுமுனையில் தன் கண்ணாடிக் கூட்டையும் வைத்தார். மூன்று மாதத்துக்குக் கட்டம் கட்டமாகப் போட்டிருந்தார். படம் எடுக்கும் நாளுக்குச் சிவப்பு ஸ்டிக்கர், எடிட்டிங்குக்கு மஞ்சள், வீடியோ ஏற்றும் நாளுக்குப் பச்சை. மாதத்தை ஒன்றாம் தேதியிலிருந்தே தொடங்கியிருந்ததால் நடந்து முடிந்த நாட்களும் இருந்தன. தீபாவளிக் கட்டம் மட்டும் வெறுமையாகக் கிடந்தது.

"மேடம், இதுல எங்க தப்பு வரும்னு பார்த்துச் சொல்லுங்க. இனிமே அப்படி நடக்கவே கூடாது. இதைக் கொண்டுபோய்ச் செண்பகத்துகிட்டக் காட்டணும். காட்டினா வந்துருவா."

செண்பகம் அவர் மனைவி. 'செண்பகம் வீட்டு விசேஷம்' என்ற சேனலில் முகம் அவளுடையது, கேமரா இவருடையது. அண்ணன் வீட்டுக்குப் போனவள் தீபாவளி கழிந்து எட்டு நாளாகியும் திரும்பவில்லை.

"என்ன நடந்துச்சுன்னு முதல்ல சொல்லுங்க" என்றாள் ஜெபமலர்.

சொன்னார். சொல்லும்போது சார்ட்டையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

தொண்ணூறு நாளுக்கு முன்கூட்டியே யோசிக்க வேண்டும் என்பது குருவின் வாக்கு. சீடர் அதை இன்னும் கொஞ்சம் இழுத்து, ஆடி மாதத்தில் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மூன்று பண்டிகையையும் எடுத்து முடித்துவிட்டார். செண்பகம் காலையில் கொழுக்கட்டை பிடித்தாள். மத்தியானம் இரவல் பொம்மைகளை வைத்துக் கொலுவுக்கு முன்னால் உட்கார்ந்தாள். சாயங்காலம் மெரூன் பட்டைக் கட்டிக்கொண்டு, கையில் மத்தாப்போடு வாசலில் நின்றாள். ஆடியில் மத்தாப்புக் கொளுத்துவதைப் பார்த்து எதிர்வீட்டுக்காரி வாயைப் பிளக்க, அதற்குச் செண்பகம் சிரித்த சிரிப்புத்தான் தீபாவளி வீடியோவில் வந்தது. அது தீபாவளியன்று காலை ஆறு மணிக்குத் தானாக வெளியாகும்படி ஏற்றி வைத்தாயிற்று.

புரட்டாசியில் அருப்புக்கோட்டையிலிருந்த அவளுடைய அண்ணன் இறந்துபோனார். நெஞ்சுவலி என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகும் செண்பகம் அங்கேயே தங்கினாள். அண்ணன் இல்லாத முதல் தீபாவளிக்கு மதினியைத் தனியாக விட அவளுக்கு மனம் வரவில்லை. அந்த வீட்டில் அன்றைக்கு எண்ணெய்ச் சட்டி வைக்கவில்லை, புதுத்துணி எடுக்கவில்லை. எல்லோரும் கூடத்தில், மாலை போட்ட படத்துக்கு எதிரே சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் மகள் செல்போனைத் தொட்டதும் செண்பகத்தின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது.

"எங்க வீட்ல தீபாவளி வந்தாச்சு! உங்க வீட்ல?"

மதினி எழுந்து உள்ளே போய்விட்டாள். ஏசியிருந்தால்கூடச் செண்பகத்துக்கு ஆறியிருக்கும்.

"அன்னிக்கு மத்தியானம் போன் பண்ணினா மேடம். ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. நீங்க எத்தனை மணிக்குப் பார்த்தீங்கன்னு கேட்டா. ஒன்பது மணிக்கு, பார்த்த உடனே அழிச்சிட்டேன்னு சொன்னேன். சரின்னு வச்சிட்டா. அப்புறம் எடுக்கவே மாட்டேங்கிறா."

"வீடியோ போட்டு வச்சது ஞாபகம் இல்லையா?"

"சத்தியமா மறந்துபோச்சு மேடம்."

அது உண்மை. சாவு வீட்டு அலைச்சலில் மறந்துபோயிருந்தார். அந்த ஒரு உண்மையைத்தான் எட்டு நாளாகக் கையில் பிடித்துக்கொண்டு நடமாடினார்.

ஜெபமலர் ஒரு பென்சிலை எடுத்து நீட்டினாள்.

"தீபாவளிக் கட்டத்தை நிரப்புங்க."

"அது முடிஞ்சுபோன நாளாச்சே?"

"யோசிக்க வேண்டியதில்ல. நடந்ததை எழுதினாப் போதும்."

தனுஷ்கோடி குனிந்து எழுதினார். ஆறு மணி, வீடியோ வெளியானது. ஒன்பது மணி, அழித்தது.

"நடுவுல?"

"தூங்கிட்டேன் மேடம்."

"தீபாவளிக்கா?"

"வீட்ல ஆள் இல்ல. எண்ணெய்க் குளியலும் இல்ல. எந்திரிச்சு யாருக்கு என்ன செய்யப் போறேன்? படுத்துக் கிடந்தேன்."

"எழுதுங்க."

தூக்கம் என்று எழுதினார். பழக்கதோஷத்தில் பையிலிருந்து ஸ்கேலை எடுத்து அடியில் கோடும் போட்டார்.

ஜெபமலர் தன் செல்போனில் எதையோ தேடி எடுத்து அவர் பக்கம் திருப்பி வைத்தாள். அந்த வீடியோவின் கீழே இருந்த கமெண்டுகளைப் படம் பிடித்து வைத்திருந்தாள். முதலில் அவள் எழுதியது: 'சேலை அருமை. தீபாவளி வாழ்த்துகள்!' அதன் அடியில் ஒரு சிவப்பு இதயம். 'நன்றி மேடம்! உங்கள் இல்லத்திலும் மகிழ்ச்சி பொங்கட்டும்.' எழுதியிருந்தது 'செண்பகம் வீட்டு விசேஷம்'. திரையின் மேல் ஓரத்தில் நேரம் தெரிந்தது. ஆறு இருபது.

"கமெண்டுக்கு அரைமணி நேரத்துக்குள்ள பதில் போடணும்னு கிளாஸ்ல சொன்னேன்ல. ஒருத்தராவது சரியாச் செய்யிறாரேன்னு சந்தோஷமா இருந்துச்சு. மத்தவங்களுக்குக் காட்டலாம்னு எடுத்து வச்சேன்." அவள் அவர் முகத்தைப் பார்க்காமல் பேசினாள். "அங்க ஒரு சாவு விழுந்தது எனக்குத் தெரியாது சார்."

தனுஷ்கோடி அப்போதுதான் உட்கார்ந்தார். காது இரண்டும் சுட்டது. இந்தப் பெண்ணுக்குக் கட்டிக்கொடுத்த தன் மகள் வயதுகூட இருக்காது என்ற நினைப்பு வந்து இன்னும் சுட்டது. மாடிப்படியில் யாராவது ஏறி வந்தால் தேவலை போலிருந்தது. யாரும் வரவில்லை.

"எப்பவும் எண்ணூறு பேர் பார்ப்பாங்க மேடம்" என்றார். "ஆறேகாலுக்கு நாலாயிரம்னு காட்டுச்சு. அழிக்கத்தான் போனேன். கை அந்தப் பட்டன் மேலதான் இருந்துச்சு. இன்னும் பத்து நிமிஷம்னு நினைச்சேன். சும்மா எப்படி இருக்கிறதுன்னு கமெண்டுக்குப் பதில் போட ஆரம்பிச்சேன். நூத்துக்கு மேல போட்டேன். ஒவ்வொண்ணுக்கும் இதயம் வச்சேன்."

ஜெபமலர் செல்போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அவ அங்க படத்துக்கு முன்னால உக்கார்ந்திருக்கான்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் போட்டேன். ஒன்பது மணிக்கு நாப்பத்தி மூவாயிரம். அப்ப அவ அண்ணன் மக கூப்பிட்டா. மாமா, அந்த வீடியோவ எடுத்துருங்கன்னு அழுதா. அந்தப் பிள்ளை அழுத பிறகுதான் எடுத்தேன்."

அழிரப்பரை எடுத்து, தூக்கம் என்று எழுதியதைத் தேய்த்தார். அழுத்தித் தேய்த்ததில் தாள் கசங்கிப் பொத்துக்கொண்டது. ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு மட்டும் போகவில்லை. பொத்தலைச் சுற்றிச் சின்ன எழுத்தில் ஆறேகால் என்று எழுதினார்.

ஜெபமலர் அந்தக் கட்டத்திலிருந்து விரலை நகர்த்திக்கொண்டே வந்து, வருகிற வெள்ளிக்கிழமையில் நிறுத்தினாள். அங்கே ஒரு பச்சை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. இரவு ஏழு மணி, மன்னிப்பு வீடியோ.

"இதுல யாரு சார் பேசுறாங்க?"

"செண்பகந்தான்."

"அவங்களா?"

"நான் பேசினா யாரு மேடம் பார்ப்பா?"

சொல்லி முடித்த பிறகு, தான் சொன்னது அவருக்கே கேட்டது. நகத்தால் அந்த ஸ்டிக்கரைப் பெயர்த்தார். அது கட்டத்தை விட்டு விரலில் ஒட்டிக்கொண்டது. அந்த விரலிலிருந்து எடுத்தால் இந்த விரலில் ஒட்டியது. கடைசியில் உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டார்.

ஜெபமலர் சார்ட்டைச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டுத் தன் மேசைக்கு அடியில் வைத்தாள்.

"இது இங்கயே இருக்கட்டும்."

"அப்ப அவகிட்ட என்னத்தக் காட்டுறது?"

"அருப்புக்கோட்டைக்கு இப்ப பஸ் இருக்கா?"

"பத்து நிமிஷத்துக்கு ஒண்ணு இருக்கு."

அவர் எழுந்தார். சட்டைப் பொத்தானைக் கழற்றிச் சரியாகப் போட்டார். கதவுவரை போனவர் திரும்பி வந்தார். பையிலிருந்து நோட்டை எடுத்து வெள்ளைப் பக்கத்தைத் திறந்து மேசையில் வைத்தார். பென்சிலை அவள் பக்கமாகத் தள்ளினார்.

"மதினி இருப்பாங்க, அந்தப் பிள்ளை இருக்கும். அத்தனை பேர் முன்னால எனக்கு வாய் வராது மேடம். முதல் பத்து வினாடிதான் முக்கியம்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க. ஆரம்பத்தை மட்டும் எழுதிக் குடுங்க. மிச்சத்தை நான் எப்படியாவது பேசிக்கிறேன்."

ஜெபமலர் பென்சிலைத் தொடவில்லை. நோட்டை மூடி அவர் கையில் கொடுத்தாள்.

"ஆறேகாலிலிருந்து ஆரம்பிங்க சார்."